எதைச் சேர்ப்பது, எதை விடுவது: கற்பனைச் சீட்டாட்டமும் ஆர்பிஜியும் ஆடத் தொடங்குபவர்களுக்கு

மாயமும் டிராகன்களும் வாள்வீரர்களும் நிறைந்த சீட்டாட்டங்களை ஆடுபவர்களும், அதே மாதிரியான உலகங்களில் ஒரு பாத்திரத்தை ஏற்று உலவும் ஆர்பிஜி வீடியோ கேம்களை ஆடுபவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். ஆனாலும் ஒன்றில் கற்றதை மற்றொன்றுக்கு அவர்கள் கொண்டுபோவதில்லை. சீட்டாட்டத்தில் 60 சீட்டுக்கு மேல் ஒன்றைக்கூடச் சேர்க்க மறுக்கும் ஒருவர், ஆர்பிஜிக்குள் நுழைந்ததும் உடைந்த வாள் முதல் காலிப் புட்டி வரை எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு திரிவார். இரண்டு வகை ஆட்டங்களும் கேட்பது ஒரே பழக்கத்தைத்தான் என்பது என் கருத்து: வேலைக்கு ஆகாததை விட்டுவிட வேண்டும், வைத்துக்கொண்டதை உரிய நேரத்தில் செலவழிக்க வேண்டும். சீட்டாட்டத்தில் இதை எண்களோடு கற்கலாம் என்பதால், முதலில் சீட்டுக்கட்டு, பிறகு ஆர்பிஜி என்ற வரிசையில் சொல்கிறேன்.

எந்த ஆட்டத்தில் தொடங்குவது

இந்த வகைச் சீட்டாட்டங்களுக்கு வழி திறந்தது ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1993-இல் வெளியான 'மேஜிக்: தி கேதரிங்'. அதன் பின் வந்தவற்றில் போகிமான் சீட்டாட்டம் 1996-இல் ஜப்பானில் வெளியானது. திரையில் மட்டுமே ஆடப்படும் 'ஹார்த்ஸ்டோன்' 2014-இல் வந்தது. விதிகளைத் தனியாக உட்கார்ந்து கற்க விரும்புபவருக்கு ஹார்த்ஸ்டோன் எளிது. அங்கே கட்டு வழக்கமாக 30 சீட்டுகள் கொண்டது, ஒரு சீட்டின் 2 பிரதிகள் வரை வைக்கலாம், சீட்டு இறக்கத் தேவையான மனா, நாம் ஆட வேண்டிய ஒவ்வொரு முறையும் தானாகவே ஒன்று கூடி 10 வரை செல்லும். விதிக்கு மாறான நகர்வுகளை ஆட்டமே தடுத்துவிடும். ஆனால் அந்தத் தானியங்கி வசதியாலேயே, வளத்தைத் திட்டமிடும் பயிற்சி அதில் பாதிதான் கிடைக்கிறது. மேஜிக்கில் மனாவைத் தரும் நிலச் சீட்டுகளையும் நாமே கட்டில் வைத்தாக வேண்டும். நிலம் குறைந்தாலும் கூடினாலும் அடி நமக்குத்தான். கற்பதற்கு அதுவே மேல் என்று நான் நினைப்பதால், இனி வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மேஜிக்கைச் சார்ந்தவை. யூ-கி-ஓ ஆட்டத்தை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். அதில் மனா போன்ற பொதுவான செலவுக் கணக்கு இல்லை என்பதால், ஒரே முறையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சீட்டுகள் இறங்கிக்கொண்டே போகும். எதிராளி என்ன செய்கிறார் என்பதே புதியவருக்குப் புரியாது.

மேஜிக்கில் நண்பர்கள் முதலில் இழுத்துச் செல்வது பெரும்பாலும் 'கமாண்டர்' என்ற வகைக்குத்தான். நால்வர் அமர்ந்து, ஒவ்வொருவரும் 100 சீட்டுக் கட்டுடன், 40 உயிர்ப்புள்ளிகளுடன் (அவை தீர்ந்தால் தோல்வி) ஆடும் ஆட்டம் அது. பேச்சும் சிரிப்பும் நிறைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அடிப்படை நிலங்களைத் தவிர எந்தச் சீட்டும் இரண்டு முறை வரக்கூடாது என்பது அதன் விதி. ஆகவே ஒரே மேசையில் முன்பின் பார்த்திராத நூற்றுக்கணக்கான சீட்டுகளைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும். முதல் சில மாதங்களுக்கு இருவர் ஆடும் 60 சீட்டு ஆட்டமே போதும். அதற்கென்று முன்கூட்டியே அடுக்கி விற்கப்படும் கட்டு ஒன்றை வாங்கி, அதைத் திருத்தித் திருத்திக் கற்பதுதான் நான் கண்டவற்றில் செலவு குறைந்த வழி.

கட்டை அமைத்தல்

60 சீட்டு என்பது மேஜிக்கில் குறைந்தபட்ச அளவு. மேல் எல்லை கிடையாது. புதியவர்கள் உடனே 75, 80 என்று அடுக்கிவிடுவார்கள். தடிமனான கட்டில் நல்ல சீட்டுகள் கூடுதலாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். கணக்கு வேறு சொல்கிறது. ஒரு சீட்டின் அனுமதிக்கப்பட்ட 4 பிரதிகளையும் 60 சீட்டுக் கட்டில் வைத்தால், தொடக்கத்தில் எடுக்கும் 7 சீட்டுகளில் அவற்றில் ஒன்றாவது வந்துசேரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு. அதே 4 பிரதிகள் 80 சீட்டுக் கட்டில் இருந்தால் வாய்ப்பு 31 விழுக்காடாக இறங்கிவிடும். ஒரே ஒரு பிரதியை மட்டும் 60-இல் வைத்தால் 12 விழுக்காடுகூடத் தேறாது. உங்கள் கட்டிலேயே சிறந்த சீட்டு எது என்று கேட்டால் உடனே பதில் சொல்வீர்கள். 60-க்கு மேல் சேரும் சீட்டு ஒவ்வொன்றும் அந்தச் சிறந்த சீட்டை உங்கள் கையிலிருந்து சற்றே தள்ளிவைக்கிறது. ஆகவே குறைந்தபட்ச எண்ணிக்கையில் கண்டிப்பாக நில்லுங்கள்.

அடுத்தது நிலங்களின் எண்ணிக்கை. 60-இல் 24 என்பது நெடுங்காலமாகப் பலரும் தொடங்கும் இடம். 24 நிலங்கள் இருந்தால் 7 சீட்டுக் கையில் சராசரியாக மூன்றுக்குச் சற்றுக் குறைவான நிலங்கள் வரும். இரண்டு முதல் நான்கு நிலங்கள் கொண்ட, ஆடத்தக்க கை 77 விழுக்காட்டுக்கும் மேலான நேரங்களில் கிடைக்கும். ஆனால் நிலமே இல்லாத அல்லது ஒரே ஒரு நிலம் மட்டும் உள்ள கை ஏழு ஆட்டங்களில் ஒன்றில் வந்தே தீரும். இதைத் துரதிர்ஷ்டம் என்று நொந்துகொள்பவர்கள் அதிகம். கட்டு முறையாக அமைந்திருந்தாலும் இவ்வளவு நடக்கும் என்பதை முன்பே ஏற்றுக்கொண்டால் மனம் அமைதியாக இருக்கும். செலவு குறைந்த சீட்டுகளே நிறைந்த வேகமான கட்டுக்கு 20 அல்லது 21 நிலங்கள் போதும். ஆறு ஏழு மனா செலவாகும் பெரிய சீட்டுகளை நம்பியிருக்கும் கட்டுக்கு 26 வேண்டும். நிலம் கைக்கு வராமல் தோற்ற எரிச்சலில் ஓர் ஆட்டம் முடிந்ததும் இரண்டு நிலங்களைச் சேர்ப்பதும், அடுத்த ஆட்டத்தில் நிலமாகவே வந்ததும் மூன்றை எடுத்துவிடுவதும் கூடாது. பத்து ஆட்டமாவது பார்த்த பிறகு கை வையுங்கள்.

மீதமுள்ள 36 இடங்களில் எதை வைப்பது என்பதற்கு நான் கடைப்பிடிக்கும் முறை இது. கட்டு எப்படி வெல்லப் போகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுகிறேன். 'ஐந்தாவது முறைக்குள் சிறிய உயிரினங்களால் தாக்கி, எதிராளியின் கடைசிச் சில உயிர்ப்புள்ளிகளை நேரடித் தீச்சீட்டுகளால் முடிப்பது' என்பது போல. பிறகு ஒவ்வொரு சீட்டையும் அந்த வாக்கியத்தின் முன் நிறுத்திப் பார்க்கிறேன். ஏழு மனா கேட்கும் ஒரு டிராகன் எவ்வளவு அழகாக வரையப்பட்டிருந்தாலும், மேலே சொன்ன வாக்கியத்தில் அதற்கு இடமில்லை, அது வெளியே. புதியவர் கட்டுகளில் நான் வழக்கமாகக் காணும் குறை, மூன்று வெவ்வேறு திட்டங்களின் சிறந்த சீட்டுகள் ஒரே கட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதுதான். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நல்ல சீட்டுகள். கூடி நின்றால் ஒன்றுக்கொன்று உதவாதவை.

செலவு வாரியாகச் சீட்டுகளை மேசையில் நெடுவரிசைகளாக அடுக்கிப் பாருங்கள்: ஒரு மனாவுக்கு ஒரு வரிசை, இரண்டுக்கு ஒரு வரிசை, இப்படியே. இரண்டு, மூன்று மனா வரிசைகள் உயரமாகவும், அதன் பின் படிப்படியாகக் குட்டையாகவும் இருக்க வேண்டும். நான்கு மனா வரிசை மட்டும் கோபுரமாக எழுந்து நின்றால், முதல் மூன்று முறைகளில் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள் என்று பொருள். எதிராளி அந்த மூன்று முறைகளில் இருவர் ஆட்டத்தில் உங்களுக்கு உள்ள 20 உயிர்ப்புள்ளிகளில் பாதியைக் கொண்டுபோயிருப்பார். நிறங்களைப் பற்றியும் ஒரு சொல் (ஒரு நிறச் சீட்டை இறக்க அதே நிற மனா வேண்டும்): வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்ற ஐந்தில் முதல் கட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். மூன்றாவது நிறம் சேர்ந்தால், நிலம் கையில் இருந்தும் சீட்டை இறக்க முடியாத நிலை அடிக்கடி வரும்.

ஒரு சீட்டின் மதிப்பு

சீட்டுகளை மதிப்பிடக் கற்றுக்கொள்ள 1993-ஆம் ஆண்டின் முதல் தொகுப்பிலேயே அருமையான பாடம் ஒன்று இருக்கிறது. நிறத்துக்கு ஒன்றாக ஐந்து சீட்டுகள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு மனா செலவில் 'மூன்று' எதையோ தருகிறது. வெள்ளையின் 'ஹீலிங் சால்வ்' 3 உயிர்ப்புள்ளிகளைத் தரும் அல்லது 3 சேதத்தைத் தடுக்கும். சிவப்பின் 'லைட்னிங் போல்ட்' 3 சேதம் செய்யும். பச்சையின் 'ஜயன்ட் குரோத்' ஓர் உயிரினத்துக்கு அந்த முறை முடியும் வரை தாக்குதலிலும் உறுதியிலும் மூன்று மூன்று கூட்டும். கறுப்பின் 'டார்க் ரிச்சுவல்' 3 கறுப்பு மனா தரும். நீலத்தின் 'ஆன்சஸ்ட்ரல் ரீகால்' 3 சீட்டுகளை எடுக்க வைக்கும்.

தாளில் ஐந்தும் சமம்போலத் தோன்றும். நடப்பில் முதலாவதை யாரும் சீண்டுவதில்லை. லைட்னிங் போல்ட் மூன்று பத்தாண்டுகளாக அளவுகோலாக நிற்கிறது. ஆன்சஸ்ட்ரல் ரீகாலோ 'லெகசி' வகை ஆட்டத்தில் முற்றிலும் தடைசெய்யப்பட்டது, 'விண்டேஜ்' வகையில் ஒரே ஒரு பிரதிக்கு மட்டும் அனுமதி பெற்றது. காரணத்தை யோசித்துப் பாருங்கள். உயிர்ப்புள்ளி என்பது பூஜ்யமாகாத வரை ஆட்டத்தின் போக்கை மாற்றாத ஒன்று. 20 இருந்தாலும் 2 இருந்தாலும் நீங்கள் செய்யக்கூடிய நகர்வுகள் பெரிதும் அவையே. கையிலுள்ள சீட்டுகளோ நகர்வுகளேதான். ஒன்றைக் கொடுத்து மூன்றை வாங்கும் சீட்டு எந்த நேரத்திலும் கைகொடுக்கும். உயிரை மீட்கும் சீட்டு, தோல்வியை ஒரு முறை தள்ளிப்போடுகிறதே தவிர, எதிராளியின் களத்தில் நிற்கும் உயிரினம் அப்படியே நின்றுகொண்டிருக்கிறது. ஆகவே முதல் கட்டிலிருந்து வெறுமே உயிர் கூட்டும் சீட்டுகளை எல்லாம் எடுத்துவிடுங்கள் என்பதை, விதிவிலக்குகள் உண்டு என்று தெரிந்தே, கண்டிப்பாகச் சொல்கிறேன்.

இதன் மறுபக்கம், உயிர்ப்புள்ளியும் செலவழிப்பதற்காகத் தரப்பட்ட வளமே என்பது. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒவ்வொரு தாக்குதலையும் மறித்து, நல்ல உயிரினங்களை இழந்து, 20 புள்ளியைக் கட்டிக் காப்பவர்கள் உண்டு. இரண்டு மூன்று புள்ளிகளை விட்டுக்கொடுத்து, களத்தில் தம் உயிரினங்களை நிலைநிறுத்திக்கொள்பவரே பெரும்பாலும் முந்துகிறார்.

கலைத்தலும் கையை மாற்றுதலும்

கட்டைக் கலைப்பதைச் சடங்குபோலச் செய்பவர்கள் மிகுதி. 52 சீட்டுக் கட்டை இரு பாதியாக்கி ஒன்றுக்குள் ஒன்று விரவிச் செருகும் முறையில் ஏழு முறை கலைத்தால் போதுமான அளவு கலையும் என்று 1992-இல் பேயரும் டயகோனிஸும் கணித ஆய்வில் காட்டினார்கள். 60 சீட்டுக்கும் ஏழெட்டு முறை என்று வைத்துக்கொள்ளலாம். சீட்டுகளை ஒவ்வொன்றாக ஐந்தாறு குவியல்களில் பகிர்ந்துவிட்டு மறுபடி அடுக்குவது கலைத்தல் ஆகாது. அது எண்ணிப் பார்க்க மட்டுமே உதவும். நிலங்களைச் சீராகப் பரப்பிவிட்டுப் பெயருக்குக் கலைப்பது ஏமாற்றுதலே, நோக்கம் எதுவானாலும்.

தொடக்கக் கை பிடிக்காவிட்டால் முல்லிகன் எடுக்கலாம். 2019-இலிருந்து உள்ள விதிப்படி, கை முழுவதையும் கட்டில் சேர்த்துக் கலைத்து, மறுபடி 7 சீட்டுகள் எடுத்து, எத்தனையாவது முல்லிகனோ அத்தனை சீட்டுகளைக் கட்டின் அடியில் வைக்க வேண்டும். ஒரு சீட்டை இழப்பது பெரிய இழப்பாகத் தோன்றுவதால், ஒரே நிலமும் ஆறு அருமையான சீட்டுகளும் உள்ள கையைப் பலர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த ஆறும் இறக்க முடியாத சீட்டுகள். அதை விட்டுவிட்டு ஆறு சீட்டுகளோடு ஆடுங்கள்.

வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாக: உள்ளே என்ன சீட்டு என்று தெரியாத, பிரிக்காத பூஸ்டர் பொட்டலங்களை வாங்கிக் கட்டு அமைக்க முயலாதீர்கள். பொட்டலம் பிரிப்பது தனி இன்பம்; அதற்குரிய இடம் 'டிராஃப்ட்'. ஆளுக்கு மூன்று பொட்டலங்கள், ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளுவது, கிடைத்ததை வைத்து 40 சீட்டுக் கட்டு அமைப்பது என்ற அந்த வகை, வாங்கும் வசதியைச் சமன்படுத்திவிடுவதால் என் முதல் விருப்பமும் அதுவே. வழக்கமாக 17 நிலமும் 23 மற்றச் சீட்டுகளும் வைப்பார்கள். அந்த 23-இல் ஐந்து மனாவுக்கு மேல் கேட்பவை நான்கைத் தாண்ட வேண்டாம். மற்றபடி, 60 சீட்டுக் கட்டுக்கு வேண்டிய சீட்டுகளைத் தனித்தனியாக வாங்குவதே சிக்கனம். நண்பர்களுக்குள் ஆடும்போது சீட்டின் பெயரைத் தாளில் எழுதி உறைக்குள் செருகியும் ஆடிப்பார்க்கலாம். அதிகாரபூர்வப் போட்டிகளில் அது செல்லாது.

சீட்டாட்டத்துக்கும் ஆர்பிஜிக்கும் நடுவே

இரண்டு உலகங்களையும் இணைக்கும் பாலமாக நான் எவருக்கும் பரிந்துரைப்பது, 2019 ஜனவரியில் முழு வடிவில் வெளியான 'ஸ்லே தி ஸ்பயர்'. ஒரு வீரனைத் தேர்ந்தெடுத்து, கோபுரம் ஒன்றில் ஏறிக்கொண்டே, வழியில் வரும் எதிரிகளைச் சீட்டுகளால் வெல்லும் ஆட்டம் அது. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் மூன்று சீட்டுகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். எதுவும் வேண்டாம் என்று கடந்துபோகவும் ஒரு பொத்தான் இருக்கிறது. அந்தப் பொத்தானைப் பயன்படுத்தத் தெரிந்தவரே மேல் மாடிகளுக்குப் போகிறார்.

'அயர்ன்கிளாட்' என்ற முதல் வீரனை எடுத்துக்கொள்வோம். 80 உயிர்ப்புள்ளி, 10 சீட்டுகள்: 6 சேதம் தரும் 'ஸ்ட்ரைக்' ஐந்து, 5 தடுப்பு தரும் 'டிஃபெண்ட்' நான்கு, 'பாஷ்' ஒன்று. முறைக்கு 5 சீட்டுகள் கைக்கு வரும், செலவழிக்க 3 ஆற்றல் இருக்கும். பாஷ் 2 ஆற்றலுக்கு 8 சேதம் செய்வதோடு, அந்த எதிரி வாங்கும் அடியை இரண்டு முறைகளுக்குப் பாதி மடங்கு கூட்டிவிடும். கட்டில் 10 சீட்டுகள் இருக்கும் வரை, இரண்டு முறைக்கு ஒரு தடவை பாஷ் கட்டாயம் கைக்கு வரும். காட்டியதையெல்லாம் எடுத்து 20 ஆக்கிவிட்டால் நான்கு முறைக்கு ஒரு தடவை. 30 ஆனால் ஆறு முறைக்கு ஒரு தடவை. தொடக்கச் சண்டைகள் பலவும் ஐந்து முறைக்குள் முடிந்துவிடும் என்பதால், 30 சீட்டுக் கட்டில் உங்கள் சிறந்த சீட்டைக் காணாமலேயே பல சண்டைகளை ஆடி முடிப்பீர்கள். இதே காரணத்தால்தான் கடையில் 75 தங்கம் கொடுத்து ஒரு சீட்டைக் கட்டிலிருந்தே நீக்கும் சேவை, புதிய சீட்டு வாங்குவதைவிடப் பல நேரம் மேலானது. முதலில் ஸ்ட்ரைக்குகளை நீக்குங்கள்.

ஆனால் எப்போதும் வேண்டாம் என்று சொல்வதும் ஆகாது. முதல் பகுதியில் 'கிரெம்லின் நாப்' என்றோர் எதிரி வரும். முதல் முறையில் அது வெறுமே கத்தும்; அதன் பின் நீங்கள் தடுப்பு போன்ற திறன் சீட்டை இறக்கும்தோறும் அதன் வலிமை இரண்டு கூடும். அடியைத் தடுக்கத் தடுக்க அடுத்த அடி பலமாக விழும். ஆகவே அது கத்தும் முறையிலேயே திறன் சீட்டுகளை இறக்கிவிட்டு, அடுத்த முறையிலிருந்து தாக்குதலை மட்டும் பொழிந்து, மூன்று நான்கு முறைக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு, முதல் சில சண்டைகளிலேயே நல்ல தாக்குதல் சீட்டுகள் இரண்டு மூன்றைக் கட்டில் சேர்த்திருக்க வேண்டும். எதிரே வருவது என்ன என்று தெரிந்து, அதற்கு வேண்டியதை எடுத்து, மற்றதை மறுப்பதே இங்கே முறை. பையில் உள்ள மூன்று மருந்துப் புட்டிகளையும் இத்தகைய எதிரியிடம் செலவழியுங்கள். பை நிறைந்திருக்கும்போது புதிய மருந்து கிடைத்தால் அதை வைக்க இடம் இருக்காது. அப்படி இழப்பதும் செலவுதான்.

ஆர்பிஜிக்குள்ளேயே சீட்டாட்டம் வருவதும் உண்டு. 2015-இல் வெளியான 'தி விட்சர் 3' விளையாட்டின் 'குவெண்ட்' அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. தொடக்கத்தில் 10 சீட்டுகள், இரண்டை மாற்றிக்கொள்ளலாம், அதன் பின் வழக்கமாகப் புதிய சீட்டே கிடைக்காது. களத்தில் கூடுதல் புள்ளிகள் வைத்திருப்பவருக்கே சுற்று; மூன்று சுற்றுகளில் இரண்டை வெல்ல வேண்டும். புதியவர்கள் முதல் சுற்றிலேயே ஏழெட்டுச் சீட்டுகளைக் கொட்டி வென்றுவிட்டு, மீதி இரண்டு சுற்றுகளில் கை வெறுமையாகி நிற்பார்கள். எதிராளி முதல் சுற்றில் அதிகம் செலவழிக்கிறார் என்று தெரிந்தால் பாஸ் சொல்லி அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். ஒற்றன் சீட்டுகளைத் தயங்காமல் இறக்குங்கள்: அவற்றின் புள்ளிகள் எதிராளிக்குச் சேரும், உங்களுக்கோ கட்டிலிருந்து இரண்டு சீட்டுகள் கிடைக்கும். மேலே சொன்ன ஆன்சஸ்ட்ரல் ரீகால் பாடம் இங்கே வேறு உடையில் வருகிறது. எதிராளி உங்கள் பக்கம் இறக்கிய ஒற்றனை 'டிகாய்' சீட்டால் கைக்கு எடுத்து அவருக்கே திருப்பி அனுப்பலாம் என்பது கூடுதல் மகிழ்ச்சி. கட்டில் படைவீரர் சீட்டு குறைந்தது 22 வேண்டும், 22-லேயே நில்லுங்கள்.

1999-இன் 'ஃபைனல் ஃபேன்டஸி 8' விளையாட்டில் வரும் 'டிரிபிள் டிரையாட்' இன்னும் எளியது: மூன்றுக்கு மூன்று கட்டங்கள், ஆளுக்கு ஐந்து சீட்டுகள், பக்கங்களில் எண்கள். அதில் 'ரேண்டம்' என்ற விதி ஒரு வட்டாரத்தில் பரவிவிட்டால், உங்களிடம் உள்ள எல்லாச் சீட்டுகளிலிருந்தும் ஐந்தை ஆட்டமே எடுத்துக் கொடுக்கும். அப்போது சேர்த்துவைத்த சில்லறைச் சீட்டுகள் எல்லாம் உங்களுக்கு எதிராக வேலை செய்யும். அவற்றைப் பொருள்களாக மாற்றிவிடும் வசதியும் அதே விளையாட்டில் உண்டு.

ஆர்பிஜிக்குள் நுழைந்த பிறகு

முதல் ஆர்பிஜியாக 1995-இன் 'குரோனோ டிரிகர்' இன்றும் சிறந்த தேர்வு. மூவர் கொண்ட குழு, இழுத்தடிக்காத கதை. பெரியதாக ஒன்று வேண்டும் என்றால் 2023-இல் வெளியான 'பால்டர்ஸ் கேட் 3'. அது 1974-இல் பிறந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேசை விளையாட்டின் விதிகளைச் சார்ந்தது. ஆகவே இருபது முகப் பகடையே பெரும்பாலானவற்றைத் தீர்மானிக்கும். அதைக் கொண்டே சொல்கிறேன்.

குழுவில் நான்கு பேர். வகுப்புகளின் (போர்வீரர், மந்திரவாதி போன்ற பாத்திர வகைகளின்) பெயரைப் பார்த்து ஆள் சேர்க்காமல் வேலையைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்: முன்னால் நின்று அடி வாங்க ஒருவர், பூட்டும் பொறியும் அவிழ்க்க ஒருவர், ஒரே நேரத்தில் பல எதிரிகளை முடக்க ஒருவர், பேச்சில் வெல்ல ஒருவர். ஒரே ஆள் இரண்டு வேலைகளைச் செய்யலாம். குணப்படுத்துபவர் கட்டாயம் என்ற பழைய நம்பிக்கையை விட்டுவிடலாம். சண்டையில் ஒருவர் தம் முழு முறையையும் குணப்படுத்துவதில் செலவழித்தால், அந்த அளவை எதிரி ஒரே அடியில் திரும்ப எடுத்துவிடுவார். ஹீலிங் சால்வை யாரும் சீண்டாத காரணமும் இதுவே. எதிரியின் ஒரு முறையைப் பறிக்கும் மந்திரம் அதைவிட மேல். 'கான்சென்ட்ரேஷன்' (இடைவிடாத மன ஒருமை) தேவைப்படும் மந்திரங்களில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தாங்க முடியும் என்பதால், ஒரே ஆளுக்கு அவற்றில் ஐந்தாறைக் கற்பித்து வைப்பதில் பயனில்லை.

லெவல் கூடும்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்று அஞ்சி, முதல் ஆட்டத்துக்கு முன்பே முழு வழிகாட்டிகளைப் படிப்பதை நான் ஏற்பதில்லை. முகாமில் இருக்கும் 'விதர்ஸ்' என்ற பாத்திரத்திடம் 100 தங்கம் கொடுத்தால் எல்லாத் தேர்வுகளையும் மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவு மலிவான திருத்தம் இருக்கும்போது வேறொருவர் திட்டத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பல வகுப்புகளைக் கலப்பதை மட்டும் முதல் முறை தவிர்த்துவிடுங்கள். எல்லை 12 லெவல்தான், அதை மூன்றாகப் பிரித்தால் எந்த வகுப்பின் நல்ல பகுதியும் வந்துசேராது.

ஓய்வைப் பற்றிய கஞ்சத்தனம் இந்த விளையாட்டில் பெரிய நோய். செலவான மந்திரங்களை மீட்டுத்தரும் நீண்ட ஓய்வுக்கு வழக்கமான கடினநிலையில் 40 உணவுப் பொருள் அலகுகள் செலவாகும். வழியெங்கும் அவை குவிந்து கிடக்கின்றன. ஆனாலும் மந்திரங்களைச் சேமித்து, ஓய்வைத் தள்ளிப்போட்டு, ஒவ்வொரு சண்டையையும் அரைவலிமையில் ஆடுகிறார்கள். தோழர்களின் கதைக்காட்சிகள் பல, முகாமில் இரவு தங்கும்போதுதான் நடக்கும் என்பதால், ஓய்வெடுக்காதவர் கதையில் பாதியையும் இழக்கிறார். நீண்ட ஓய்வுகளுக்கு நடுவே வழக்கமாகக் கிடைக்கும் குறுகிய ஓய்வு இரண்டும் தீர்ந்து, பெரிய மந்திரங்களும் தீர்ந்தால் முகாமுக்குப் போய்விடுங்கள். தீக்குப்பிகள், மந்திரச் சுருள்கள், அம்புகள் ஆகியவற்றை இறுதிச் சண்டைக்கு என்று ஒதுக்காமல், கையில் வந்த அத்தியாயத்திலேயே வீசி எறியுங்கள். எந்த ஆர்பிஜியின் இறுதியிலும் பயன்படுத்தாத மருந்துப் புட்டிகள் பை நிறைய மிஞ்சுவதற்கு விளையாட்டு காரணமில்லை. தி விட்சர் 3 இந்தக் கஞ்சத்தனத்தை அறிந்தே தீர்வு செய்திருக்கிறது: ஒருமுறை செய்த மருந்து, சாராயப் புட்டி ஒன்று கையில் இருந்தால், தியானத்தில் அமர்ந்ததும் தானே நிரம்பிவிடும்.

பகடை தோற்றதும் பழைய சேமிப்பைத் திறந்து மறுபடி உருட்டும் பழக்கத்தையும் விடச் சொல்வேன். 11 அல்லது அதற்கு மேல் வேண்டிய இடத்தில் ஒரு பகடைக்கு வாய்ப்பு 50 விழுக்காடு. 'அட்வான்டேஜ்' பெற்று இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்தால் அது 75. அதைப் பெறும் வழியைத் தேடுவதுதான் ஆட்டம். விரும்பிய எண் விழும் வரை திரும்பத் திரும்பத் திறப்பது ஆட்டத்தை நிறுத்திவைப்பது. பேச்சில் தோற்றால் சண்டை வரும், அல்லது வேறு கதவு திறக்கும். குழுவே அழிந்துபோனால் மட்டும் பின்னால் செல்லுங்கள்.

பைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விற்றால் காசு வராததைத் தொடாதீர்கள். மூன்று சண்டைகளாகப் பயன்படாத ஆயுதத்தை முகாமுக்கு அனுப்பிவிடுங்கள்.

கிளைப்பணிகளிலும் இதே கண்டிப்பு தேவை. வரைபடத்தில் உள்ள குறிகளையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் முதன்மைக் கதைக்குப் போவேன் என்று தொடங்கியவர்கள், பாதியிலேயே சலித்து விளையாட்டையே மூடிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு கிளைப்பணியில் பெயருள்ள ஒரு மனிதரும் அவருக்கென்று ஒரு சிக்கலும் இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பத்து ஓநாய்த் தோல் கொண்டுவா என்றால் கடந்து போங்கள். அப்படியும் ஒரு பெரிய ஆர்பிஜியை நடுவில் சில வாரங்கள் நிறுத்த நேர்ந்தால், மூடும் முன் மூன்று செய்திகளைத் தாளில் குறித்துவையுங்கள்: எங்கே நிற்கிறீர்கள், அடுத்து யாரைப் பார்க்கப் போனீர்கள், எந்தப் பொத்தான் எதற்கு. திரும்பி வரும் நாளில் கதை ஓரளவு நினைவுக்கு வந்துவிடும், பொத்தான்கள்தாம் வருவதில்லை.